கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான்!

என் பெரியவனுக்குப் பதினான்காவது பிறந்த நாளுக்கு என் தம்பி ஒரு குட்டி விமானம் வாங்கிக் கொடுத்தான். ரேடியோவால் இயங்குவது. தெர்மாகோல் மாதிரி லேசான உடம்பு. இறக்கை ஒரு மீட்டர் நீளம். "விளையாட்டுச் சாமான்தானே" என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

விளையாட்டுச் சாமானுக்கும் சட்டம் உண்டு, தெரியுமோ? 2021-ல் வந்த டிரோன் விதிகள் இதையும் சேர்த்துத்தான் சொல்கின்றன. 25 கிலோவுக்கு மேற்படாமல், பொழுதுபோக்குக்கோ படிப்புக்கோ விடுகிற மாதிரி விமானம் கண்பார்வைக்குள்ளேயே பறக்க வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை விடலாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடவே கூடாது.

இதெல்லாம் பையனுக்கு மனப்பாடம். ஆனால் "பார்வைக்குள்" என்றால் என்ன என்பதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம்.

வானத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தால் போதாது. மூக்கு எந்தப் பக்கம், இறக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிய வேண்டும். விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். நம்மை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ்! பெரியவர்களே தடுமாறும் இடம் இது. தம்பி ஒரு சுலப வழி சொல்லிக் கொடுத்திருந்தான்: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, நிமிர்ந்துவிடும்.

அன்று அறுவடை முடிந்த வயலில் விட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வயலில் நிலக்கடலை பிடுங்குகிறார்கள். தென்னந்தோப்புப் பக்கம் போனதும் தம்பி கேட்டான், "டேய், போகுதா வருதா?"

"போகுது மாமா."

வந்துகொண்டிருந்தது. எனக்கே நன்றாகத் தெரிகிறது! அவன் திருப்பிய திருப்பில் சர்ரென்று இறங்கி, வரப்பில் தூளி கட்டியிருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி மண்ணில் குத்தி நின்றது. தூளியில் கைக்குழந்தை. அதன் தாய் ஓடி வந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாளே கண் டாக்டரிடம் போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. கிட்டப்பார்வை. "டி.வி.க்குள்ளேயே போய் உட்காருடா" என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! வகுப்பில் முதல் பெஞ்சு கேட்டு வாங்கினானாம். படிப்பில் அக்கறை என்று பெருமைப்பட்டேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

இப்போது கண்ணாடி போட்டுத்தான் விடுகிறான். அதில் தப்பில்லை, பைனாகுலர்தான் கூடாது. இறக்கையின் அடியில் பட்டையாகக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறோம், மேலா கீழா என்று தெரிய. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்கிறான். தலைக்கு மேலோ பின்னாலோ போக விடுவதில்லை. கடலை பிடுங்குகிற நாளில் பெட்டியைத் திறப்பதே கிடையாது. நான் பக்கத்தில் நின்று ஆள், மாடு, பருந்து எது வந்தாலும் குரல் கொடுக்கிறேன். விமானத்தை விட்டு அவன் கண் நகரக் கூடாதல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் பாதி தூரத்திலேயே திருப்பிவிட்டான். "ஏண்டா?" என்றேன்.

"கறுப்புக் கோடு மங்கலாத் தெரியுதும்மா" என்றான்.