படியேறும் உடம்பும் உப்பின் கணக்கும்

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலையில் மஞ்சள் உடுத்திப் புஷ்பக் காவடி தூக்கி வருகிறவர்களின் முதுகைக் கவனித்திருக்கிறீர்களா? வியர்வை ஊறிக் காய்ந்த துணியில் கோலமாவு கோடு இழுத்தாற்போல் வெள்ளைத் தடம் இருக்கும். விரலால் தேய்த்தால் பொடி உதிரும். நாக்கில் வைத்தால் கரிக்கும். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பு உடம்புக்குள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது தெரிந்தால், படியேறும் முன் என்ன குடிப்பது, பாதியில் ஒருவர் தலைசுற்றி உட்கார்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

37 டிகிரியைக் காப்பாற்றும் வேலை

கத்திரி வெயில் நாட்களில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வரும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே புதிதில்லை. உடம்போ உள்ளே சுமார் 37 டிகிரியில்தான் இருந்தாக வேண்டும். போதாததற்கு 365 படிகள். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் காலைத் தூக்க உதவுகிறது. மிச்சமெல்லாம் உடம்புக்குள்ளேயே சூடாகிறது.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் இந்தச் சூட்டை உடனே கண்டுகொள்கிறது. தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, முகம் சிவக்கிறது, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வியர்வைச் சுரப்பிகள் திறக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆனால் அது ஆவியாக வேண்டும். புழுக்கமான ஆடி மாதத்தில் நெற்றியிலிருந்து படியில் சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை, தண்ணீரும் உப்பும் போனதுதான் கணக்கு.

வெளியே எது மாறினாலும் உள்ளே மாறாமல் வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று 1926இல் பெயரிட்டவர் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன். நம் பாடநூல்களில் இதை உடற்சமநிலை என்கிறார்கள்.

செல்லின் வாசலில்

உப்பும் தண்ணீரும் சமநிலையில் காக்கப்படும் இடம் செல் சவ்வு. பத்தாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும். இரண்டு அடுக்குக் கொழுப்பால் ஆனது என்பதால் உப்பு அதைத் தானாகக் கடக்க முடியாது. தண்ணீருக்கோ அதில் தனி வழிகளே உண்டு. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம், மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் வேலையை ஓயாமல் செய்துகொண்டே இருக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கவ் 1957இல் இதை வெளிப்படுத்தி, 1997இல் நோபல் பரிசு பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. உடம்பு உப்பை எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்!

உப்பு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. அதனால் நிறைய வியர்த்ததும் ரத்தத்தில் உப்பு செறிகிறது, செல்களுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. அதை மூளை உணர்வதைத்தான் நாம் தாகம் என்கிறோம். சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாவதும் அதனால்தான்.

இப்போது எதுவும் சாப்பிடாமல், விரதத்தோடு, பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழாகும். ரத்தம் நீர்த்துப்போய், தண்ணீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்கும். மற்ற உறுப்புகளுக்கு வீங்க இடமுண்டு. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளைக்கு இல்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. இது அடிக்கடி நடப்பதில்லை. ஆனாலும் "தண்ணீர்தானே, எவ்வளவு குடித்தால் என்ன" என்ற பேச்சை நான் ஏற்கமாட்டேன்.

சர்க்கரை திறக்கும் கதவு

குடல் செல்லின் சவ்வில் ஒரு கதவு உண்டு. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். 1960இல் ராபர்ட் கிரேன் இதை விளக்கினார். 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ்ன் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முப்பது சதவீதம் வரை இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதன் வழிவந்ததுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. பொட்டலம் முழுவதையும் அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அரைப் பொட்டலம், கண்ணளவு எல்லாம் ஆகாது. சர்க்கரை தூக்கலான பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்பனையானதை 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. அதனால் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வயிற்றுப்போக்குக்கும் மணிக்கணக்கில் வியர்த்துக் களைத்தவருக்கும் இது தேவை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டு மலையேறுகிறவருக்குத் தண்ணீரும், உப்புப் போட்ட ஒரு தம்ளர் நீர்மோரும் போதும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், சர்க்கரைப் பிரச்சினை உள்ளவர்கள் ஓ.ஆர்.எஸ்ஸை மருத்துவரைக் கேட்காமல் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

படியில் ஒருவர் சாய்ந்தால்

கெண்டைக்கால் பிடிப்பதும் தலைசுற்றுவதும் முதல் எச்சரிக்கை. நிழலில் உட்கார வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்பவாதம். உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்திருக்கும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது வெப்பத்தால் நேரும் சாவுகளைக் கண்டுதான்.

வயதாக ஆக, தாகத்தை உணரும் திறன் மங்கும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிற முதியவர்கள் இன்னும் சீக்கிரம் வறண்டுபோவார்கள். வெயிலேறும் முன்பே அவர்களை அழைத்துப் போங்கள். ஐம்பது படிக்கு ஒருமுறை உட்கார வையுங்கள். பாட்டி "எனக்குத் தாகமே இல்லப்பா" என்று சொல்லும்போதுதான் மோர்த் தம்ளரை அவர் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும்.