மேனாட்டிசையில் அருந்தாளங்கள்

மேனாட்டு இசைக்குறிப்பைக் கண்ணுற்றோர், ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு எண்கள் நிற்றலைக் கண்டிருப்பர். அதுவே தாளக்குறி. மேலெண் ஒரு கட்டத்துள் அட்சரங்கள் எத்துணை என்பதைக் கூறும். கீழெண் அவ்வட்சரம் எவ்வகைச் சுரக்குறியால் அளக்கப்படுகின்றது என்பதைக் கூறும். முழுச்சுரத்தின் நாலிலொரு கூறு அட்சரமாயின் கீழே 4 என்றும், எட்டிலொரு கூறாயின் 8 என்றும் எழுதுவர். ஒரு கட்டம் முடிந்த இடத்தில் நெடுக்காக ஒரு கோடு இழுக்கப்படும். இலக்கணம் இவ்வளவே.

நம் ஆலயங்களிற் பாடப்பெறும் பாமாலைப் பாட்டுகளுள் பெரும்பாலானவை 4/4, 3/4, 6/8 என்னும் அளவுகளில் அமைந்தவை. மேனாட்டு நடனப் பாட்டுகளும் படைநடைப் பாட்டுகளும் அத்தகையனவே. அவற்றில் அட்சரங்கள் இரண்டிரண்டாகவோ மும்மூன்றாகவோ ஒரே சீராகக் கூடிச் செல்லும். இச்சீர்மை இன்றி, ஐந்தாகவும் ஏழாகவும், இரண்டும் மூன்றும் விரவியும் நடப்பனவற்றை ஈண்டு அருந்தாளங்கள் என்போம்.

இவற்றை எழுதுதலும் பாடுதலும் அரிது என்பார், அவ்வருமை எண்ணுவதில் உள்ளது எனக் கருதுகின்றனர். ஏழுவரை எண்ணத் தெரியாதார் யாவர்? அருமை பகுப்பில் இருக்கின்றது. செய்யுளில் ஓரடியின் எழுத்துகளை எண்ணிய மாத்திரத்தில் அதன் ஓசை விளங்கிவிடாது. அவ்வெழுத்துகள் அசையாகவும் சீராகவும் எங்கெங்கே பிரிகின்றன என்று கண்ட பின்னரே விளங்கும். தாளமும் அவ்வாறே. ஏழட்சரத்தை ‘தகிட தக திமி’ எனப் பகுத்தால் அது மிசிர சாபு. ‘தக திமி தகிட’ எனப் பகுத்தாலோ கூட்டுத்தொகை அதுவேயாயினும் நடை வேறாகின்றது. நம்மவர் அதனை விலோம சாபு என்பர். மேலெண்ணாக 7 என்று மட்டும் எழுதியவன், எழுதவேண்டியதிற் பாதியையே எழுதினான் ஆவான்.

ஒன்பதிலும் இதனைக் காணலாம். 9/8 என்று கண்டவுடன் மேனாட்டு வித்துவான் 3+3+3 என்றே கைகொட்டுவான். அது அவர்தம் மரபு. அவ்வொன்பதே 2+2+2+3 எனவும் நடக்கும். எட்டினையும் எளிதென்று தள்ளற்க. 3+3+2 என நடக்கும் எட்டு, நாலும் நாலுமாகிய எட்டினின்றும் முற்றிலும் வேறுபட்டது. எனவே எண் ஒற்றைப்படையாதல் ஒன்றே தாளத்தின் அருமைக்குக் காரணம் அன்று.

இத்தகைய தாளங்கள் புலவர் தம் அறைகளிலிருந்து கற்பித்துக்கொண்டவை என்று எண்ணுதலும் தவறு. ஐரோப்பாவின் தென்கிழக்கிலுள்ள பல்கேரியா நாட்டில் உழவர் நெடுங்காலமாக இவற்றுக்கு ஆடி வருகின்றனர். ராச்செனிட்சா என்னும் ஆடல் 2+2+3, பைடுஷ்கோ 2+3, டைச்சோவோ 2+2+2+3, கோபானிட்சா 2+2+3+2+2 எனப் பதினொன்றாய் அமைவது. ஆடுவோர் பதினொன்று எண்ணுவதில்லை. எண்ணுதற்கு அவ்விரைவு இடங்கொடாது. குறுகிய அடி, நீண்ட அடி என இரண்டே அவர் கால்கள் அறிந்தவை. ராச்செனிட்சாவில் குற்றடி, குற்றடி, நெட்டடி என மூன்று அடிகள். தமிழ் கற்கும் நமக்கு உடனே குறிலும் நெடிலும் நினைவுக்கு வரும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நெடில் குறிலின் இருமடங்கு. பல்கேரிய நெட்டடியோ குற்றடியின் ஒன்றரை மடங்கே. இவ்வரை மடங்கு வேற்றுமை, பழகாத செவிக்குப் பிடிபடுவதன்று. அச்செவி அதனைச் சமமாகக் கேட்கும். இன்றேல் பாடுவோன் தாளம் தவறினான் என்று கொள்ளும்.

அவ்வாறு கொண்டவர்களுள் பேலா பார்டோக் என்னும் ஹங்கேரிய இசைப் பேரறிஞரும் ஒருவர் என்பது வியப்பிற்குரியது. அவர் முதல் உலகப்போருக்கு முன்னரே போனோகிராப் கருவியைச் சுமந்து சிற்றூர்தோறும் சென்று, ஹங்கேரியர், ருமேனியர், ஸ்லோவாக்கியர் பாடல்களை மெழுகுருளைகளிற் பதிந்தவர். அவற்றைப் பன்முறை கேட்டு ஏட்டில் எழுதியவர். ஓசையின் நுட்பங்களை அவரினும் கூர்ந்து கேட்டார் மிகச் சிலரே. பல்கேரிய அறிஞராகிய டோப்ரி ஹிரிஸ்டோவ் 1913-ஆம் ஆண்டிலும், வசில் ஸ்டோயின் 1927-ஆம் ஆண்டிலும் தம் நாட்டுத் தாளங்களின் அமைப்பை விளக்கி நூல் வெளியிட்டனர். பார்டோக் இத்தாளங்களை எழுத்திற் கண்டபோது, இவை உண்மையில் உளவோ என்றே முதலில் ஐயுற்றார். பின்னர்த் தம் ருமேனியத் தொகுதியை மீண்டும் ஆராய்ந்தார். தாம் சீரான அளவில் எழுதிவைத்த பாட்டுகளுள் சில, மெய்யாகவே குற்றடியும் நெட்டடியும் விரவிய நடையின எனத் தெளிந்தார். முன்னாளில் அவ்வேற்றுமையைக் கவனிக்கத் தமக்குத் துணிவு பிறக்கவில்லை என்ற கருத்துப்பட, 1938-இல் பல்கேரியத் தாளத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவரே கூறியுள்ளார்.

இச்செய்தி ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. ஒன்றரை மடங்கைக் காட்டுதற்குப் புள்ளியிட்ட சுரக்குறி மேனாட்டாரிடம் முன்னரே இருந்தது. குறி இல்லாமை அன்று குறை, எதிர்பாராமையே குறை. உருளையில் மூதாட்டி ஒருத்தி பிழையின்றிப் பாடிக்கொண்டிருக்கிறாள். ஏட்டில் அவள் பாட்டு வேறொன்றாக எழுதப்படுகின்றது. ஏடே பிற்காலத்தார்க்குச் சான்றாகுமன்றோ? உருளை தேய்ந்தழிந்திருப்பின் அவள் பாடிய நடை எக்காலத்தும் மீளாது.

உண்மை தெளிந்த பின்னர்ப் பார்டோக் அத்தாளத்திலேயே இசை இயற்றினார். 1934-இல் எழுதிய ஐந்தாம் நரம்பிசை நால்வர் கோவையின் மூன்றாம் பகுதிக்குத் தாளக்குறி இடுங்கால் 9/8 என எழுதினாரில்லை. 4+2+3 என்று பகுப்பையே மேலே எழுதி, அதன்கீழ் 8 என்று இட்டார். பியானோ பயில்வோருக்காக அவர் எழுதிய ‘மைக்ரோகாஸ்மாஸ்’ என்னும் ஆறு புத்தகங்களின் இறுதியில் ‘பல்கேரியத் தாளத்தில் ஆறு நடனங்கள்’ உள்ளன. அவற்றுள்ளும் 2+2+3, 3+2+3, 2+2+2+3, 3+3+2 எனப் பகுப்பு வெளிப்படக் காட்டப்பெற்றுள்ளது. தாளக்குறி எழுதும் முறைகளுள் இதனினும் நேர்மையானதை யாம் அறியோம். வாசிப்பவன் ஊகிக்க வேண்டுவது ஒன்றுமில்லை.

எழுதியவன் அறிந்தான், வாசிப்பவன் அறிந்தான். கேட்பவன் அறிவது எவ்வாறு? அவன் கையில் ஏடு இல்லையே. இதற்குப் பெரியோர் கண்ட வழி, ஒரு சிறு வடிவத்தை விடாது திருப்பித் திருப்பி ஒலிக்கச் செய்தல். ஆங்கில நாட்டுக் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1914-இல் எழுதிய ‘செவ்வாய்’ என்னும் பகுதி 5/4 அளவினது. நரம்புக்கருவிகளை வில்லின் மரப்புறத்தால் தட்டிப் பிறப்பிக்கும் ஒரு வடிவம், மூன்றும் இரண்டுமாய் முதற்கட்டத்திலிருந்தே ஒலிக்கத் தொடங்குகின்றது. இரண்டு மூன்று கட்டங்கள் செல்வதற்குள் கேட்போன் நெஞ்சம் அதனைப் பற்றிக்கொள்ளுகின்றது. அதன்பின் மேலே எத்தகைய முழக்கம் எழுந்தாலும் அவன் வழிதவறான். 1959-இல் வெளிவந்த ‘டேக் பைவ்’ என்னும் ஜாஸ் இசையும் அத்தகையதே. பால் டெஸ்மண்ட் இயற்றிய அதில், டேவ் புரூபெக் பியானோவில் 3+2 என்னும் ஒரே வடிவத்தைச் சலியாது வாசிக்கின்றார். முரசு வாசிப்பவர் தனித்து விளையாடும் இடத்தும் அது நிற்பதில்லை. இது இசையாசிரியர்க்கு வேலை மிச்சம் என்று நகுவாரும் உளர். அவ்வடிவத்தை நீக்கிவிட்டு முரசொலியை மட்டும் கேட்டுத் தாளம் போட்டுப் பார்ப்பாராயின், அந்நகை அடங்கும்.

ருஷிய நாட்டுச் சைகோவ்ஸ்கி மேற்கொண்டது வேறு வழி. அவர் இறப்பதற்குச் சில நாள் முன்னர், 1893-இல், முதன்முறையாக வாசிக்கப்பெற்ற ஆறாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி 5/4. அங்கே தாளத்தை அறிவிப்பது இன்னிசையே. செல்லோக்கள் எடுத்த எடுப்பிலேயே பாடும் மெட்டு இரண்டும் மூன்றுமாய் மடிந்து மடிந்து செல்லுகின்றது. வால்ட்ஸ் நடனம் போலத் தோன்றியும் வால்ட்ஸ் ஆடுவார் காலுக்கு அது அடங்காது. ஸ்டிராவின்ஸ்கி 1913-இல் அரங்கேற்றிய ‘வசந்தச் சடங்கு’ இவையனைத்தினும் கடியது. அதன் இறுதி நடனத்தில் கட்டத்துக்குக் கட்டம் தாளக்குறி மாறுகின்றது. அவரே பிற்காலத்தில் அப்பகுதியின் கோடுகளை மாற்றி எழுதினார் என்றால், எழுதும் முறையின் சிக்கலுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நிற்க. நம்மவர்க்கு இது புறம்பான பொருளன்று. ஞானக்கீர்த்தனை நூல்களிற் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பெறுகின்றன. சாபு என்னும் குறி அவற்றுள் அரிதன்று. அக்கீர்த்தனைகளை ஆர்கனில் வாசித்தற்பொருட்டு மேனாட்டு முறையில் எழுதப்புகுவோர் சிலர், ஏழினை எட்டாக்கி 4/4-இல் அடைத்துவிடுகின்றனர். கட்டந்தோறும் ஓரட்சரம் மிகுகின்றது. பதினாறு கட்டமுடைய பாட்டில் பதினாறட்சரம் மிகுகின்றது. இசைப்பான் அதனைக் கடைசிச் சுரத்தின்மேல் ஏற்றி நீட்டுகின்றான். நடந்து சென்ற பாட்டு ஒவ்வொரு கட்டத்திலும் நின்று இளைப்பாறுகின்றது. பாட்டியர் செவிவழிப் பாடுவது அன்று தவறு; ஏட்டிலுள்ளதே தவறு.

மிசிர சாபுக் கீர்த்தனைக்குத் தாளக்குறி 3+2+2 என மேலும், 8 எனக் கீழும் இடுக. விளம்பமாயின் கீழே 4 இடுக. கீழெண் மாறினும் பகுப்பு மாறாது. சுரக்குறிகளின் வால்களைப் பிணைக்கும் தடித்த கோட்டை முதன் மூன்றுக்கு ஒன்றும், அடுத்த இரண்டிற்கு ஒன்றும், கடை இரண்டிற்கு ஒன்றுமாகப் பிரித்து எழுதினால், எண்ணாமலே கண் பகுப்பைக் கண்டுகொள்ளும். ஒரு சுரம் மூன்றாம் அட்சரத்தில் தொடங்கி நான்காவதிலும் நீளுமாயின், அதனை ஒரே குறியால் எழுதாது இரண்டாக எழுதி வளைகோட்டால் இணைத்தல் நன்று. நான்காம் அட்சரத்தின் இடம் அப்போது மறையாது. ஆர்கன் வாசிப்போரின் இடக்கை ஒன்று, நான்கு, ஆறு என்னும் அட்சரங்களிலே கீழ்ச்சுரத்தை ஒலிக்குமாறு எழுதுக. சபையார் கை தட்டுவதும் அம்மூன்றிடங்களிலேதான்.