ஈறும் தாடையெலும்பும்: சிகிச்சை ஆராய்ச்சியிற் சேர்வோர் அறிய வேண்டுவன

தாமிரவருணிக் கரையில் விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டம் வருதல் மரபு. ஆத்தூர் வெற்றிலை 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றது. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆயினும் உடன்சேரும் பாக்கும் புகையிலையும் வாய்க்குப் பகை என்பதை மறைத்தல் இயலாது. பல் ஆடும் முதியவரைக் கண்டால், ‘வயதாகிவிட்டது’ என்று ஆறுதல் கூறி அமைகின்றோம். பல்லை ஆட்டுவது வயதன்று. அதனைத் தாங்கும் எலும்பின் அழிவேயாம்.

அவ்வழிவு நிகழும் வகை யாதெனின், பல்லின் அடியிற் படியும் அழுக்கில் வாழும் கிருமிகளால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். நாளடைவில் ஈறு பல்லை விட்டு விலகிப் பைபோலாகும். அப்பையின் அடியில் தாடையெலும்பு கரைந்து குழிபடும். நோவு மிகுதியாய் இராமையால் நோயாளி அதனை உணர்வதில்லை. உணருங்காற் பல் ஆடத் தொடங்கிவிடும்.

இந்நோயின் போக்கை உலகுக்கு உணர்த்தியவருள் நம்மினத்தவரும் உளர் என்பதைப் பலர் அறியார். திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய சீமைகளிலிருந்து முற்காலத்தில் இலங்கை மலைத்தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றோர் பலர். அங்குத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ் ஆடவர் 480 பேரின் வாயை, நார்வே நாட்டறிஞர் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970 முதல் 1985 வரை பலமுறை சோதித்தனர். அத்தொழிலாளர்க்குப் பல்வைத்திய வசதி இல்லை. எல்லார் பல்லிலும் அழுக்கு மிக்கிருந்தும், நூற்றுக்கு எண்மர்க்கே நோய் விரைந்து முற்றிற்று. அவர்கள் 45 வயதிற் பற்களனைத்தையும் இழந்தனர். எண்பத்தொருவர்க்கு நோய் மெல்லச் சென்றது. பதினொருவர்க்கு ஈறழற்சிக்கு மேல் ஒன்றும் நேரவில்லை. உடலுக்கு உடல் நோயின் வேகம் வேறுபடும் என்னும் உண்மை இங்ஙனம் துலங்கிற்று.

அது சிகிச்சையன்று, நோய் தன்போக்கில் எங்ஙனம் செல்லும் என்று கண்ட ஆராய்ச்சி. 2010-இல் மீண்டும் சோதிக்கப்பட்டோர் 75 பேரே. உலகம் அவர்களாற் பெற்ற அறிவு பெரிது. அதற்கு ஈடாக அவர்கள் பெற்றது யாது என்று வினவாதிருக்க நமக்கு இயலவில்லை.

நிற்க. இக்காலத்தில் நடைபெறும் சிகிச்சை ஆராய்ச்சி வேறு வகையினது. கரைந்த எலும்பை மீட்க, எலும்புத் துகள் இடுதல், மெல்லிய சவ்வால் மூடுதல், நோயாளியின் இரத்தத்தையே சுழற்றிப் பெற்ற உறைவை வைத்தல் எனப் பல வழிகள் ஆராயப்படுகின்றன. பெங்களூர் அரசினர் பல்மருத்துவக் கல்லூரியார் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், 56 எலும்புக் குழிகளுட் சிலவற்றிற்கு ஈற்றைத் திறந்து சுத்தம் செய்தனர்; ஏனையவற்றிற்குச் சுத்தம் செய்து இரத்த உறைவையும் வைத்தனர். ஒன்பது மாதங்களின் பின் எக்ஸ்ரேயிற் பார்க்க, உறைவு வைத்த குழிகள் சராசரி நூற்றுக்கு 48 பங்கு நிரம்பியிருந்தன. மற்றவை இரண்டு பங்கும் நிரம்பவில்லை. ஒப்பிட ஒரு கூட்டம் இல்லாதிருப்பின் இவ்வேறுபாடு புலப்பட்டிராது.

ஆதலின் ஆராய்ச்சியிற் சேர்வார்க்கெல்லாம் புதிய சிகிச்சையே கிட்டும் என்று எண்ணற்க. எவர்க்கு எது என்பது சீட்டுக் குலுக்குவது போன்ற முறையாலே தீர்மானிக்கப்படும். மேலும், சேர்வோர் குறித்த மாதங்களிலெல்லாம் தவறாது வருதல் வேண்டும். புகையிலைப் பழக்கத்தையும் நீரிழிவையும் மறைத்தல் கூடாது. மறைத்தால் புண் ஆறுதல் தாமதப்படுவதோடு ஆராய்ச்சியின் முடிவும் பொய்யாகும்.

இனி, சேர்வோர்க்குள்ள உரிமைகளைக் கூறுவாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றி ஆராய்ச்சி தொடங்கலாகாது. ஆராய்ச்சிக்கென்றே செய்யப்படும் சோதனைகளின் செலவு நோயாளியைச் சாராது. அதனாற் கேடு நேரின் இலவச வைத்தியமும் ஈட்டுத்தொகையும் உண்டு. எப்பொழுது வேண்டினும் விலகலாம். விலகுவதால் வழக்கமான வைத்தியம் தடைப்படலாகாது. 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஓர் ஆராய்ச்சி பதிவாகியுள்ளதா என்பதை எவரும் பொருட்செலவின்றிப் பார்க்கலாம்.

எழுத்தறியாதவர் சம்மதம் அளிக்கும்போது, ஆராய்ச்சியாளரைச் சாராத, எழுத்தறிந்த சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளுள் ஒன்று. கற்ற மாணாக்கர்க்கு இஃது ஒரு பணியை நினைவூட்டுகின்றது. நம் வீட்டுப் பெரியவர் கைநாட்டு வைக்குமுன், சம்மதப் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக் காட்டுவோம். அவர் ஐயங்களை மருத்துவரிடம் நாமே கேட்போம். அவர் ‘வேண்டாம்’ என்பாராயின் அதனையும் மதிப்போம். தேயிலைத் தோட்டத்து 480 பேருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் இதுவேயாம்.