தாயின் வாய்க்குள் ஒரு குயில்

ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றதும் நம்மூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது, வளர்க்கத் தடை விதிக்கப்பட்ட அந்தப் பெரிய கறுத்த மீன்தான். வண்ணமீன் பிரியர்கள் தேடி வாங்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு. வெளிர்ந்த உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, கரிய துடுப்புகளுக்கு வெள்ளைக் கரை, முகத்துக்குச் சற்றே பெரிதான கண். வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் வளராது. அறிவியல் பெயர் சினோடான்டிஸ் மல்டிபங்டேட்டஸ். குயில் செய்யும் வேலையைச் செய்வதால் குயில் கெளுத்தி என்கிறார்கள். உண்மையில் குயிலே கூச்சப்படும் வேலை அது.

இதன் சொந்த ஊர் தாங்கனிக்கா ஏரி. தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா என நான்கு நாடுகளுக்கு நடுவே 670 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதிகபட்ச ஆழம் 1,470 மீட்டர். கரையோரப் பாறைகளில் சிக்லிட் இன மீன்கள் குவிந்து வாழ்கின்றன. சிக்லிட் நமக்குப் புதிதல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று எந்த ஏரியில் வலை வீசினாலும் அகப்படும் ஜிலேபி மீனும் அந்தக் குடும்பம்தான். ஜிலேபி முட்டைகளை வாயில் வைத்துப் பொரிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். தாங்கனிக்காவின் சிக்லிட்களில் பலவும் அப்படியே. இரண்டு மூன்று வாரம் தாய் ஏறக்குறைய பட்டினி கிடந்து, வாய்க்குள்ளேயே முட்டைகளை உருட்டி உருட்டிக் காக்கும். எதிரி நெருங்க முடியாத இடம் என்று பார்த்தால் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

அந்த இடத்துக்குள்தான் கெளுத்தி புகுகிறது.

சிக்லிட் ஜோடி மணலில் வட்டமிடத் தொடங்கும். பெண் சில முட்டைகளை இட்டு, உடனே திரும்பி அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். அதுவரை பாறை இடுக்கில் கிடந்த கெளுத்திகள் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் காத்திருக்கின்றன. ஆணும் பெண்ணுமாகப் பாய்ந்து வந்து நடுவில் நுழைகின்றன. சிக்லிட் முட்டைகளில் அகப்பட்டதைத் தின்கின்றன. அதே வேகத்தில் தங்கள் முட்டைகளை அங்கே சிதறவிட்டு ஓடிவிடுகின்றன. பதறிப்போன தாய், மிச்சமிருப்பது போய்விடுமோ என்ற அவசரத்தில் கீழே கிடப்பதையெல்லாம் வாரி வாயில் போட்டுக்கொள்கிறது. கெளுத்தியின் முட்டை சிக்லிட் முட்டையைவிடச் சிறியது. நிதானமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நிதானத்தைத்தான் கெளுத்தி கெடுத்துவிடுகிறதே!

அடுத்து நடப்பது வாய்க்குள். கெளுத்தி முட்டைகள் சிக்லிட் முட்டைகளுக்கு முன்பே பொரிந்துவிடுகின்றன. தங்கள் மஞ்சள்கரு தீர்ந்ததும் அந்தக் குஞ்சுகள் கூட இருக்கும் சிக்லிட் குஞ்சுகளைத் தின்னத் தொடங்குகின்றன. சில வேளை ஒன்றைக்கூட விடுவதில்லை. காக்கைக் கூட்டில் வளரும் நம் குயில் குஞ்சு, பொதுவாகக் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்துதான் வளர்கிறது. இங்கே அந்தத் தயவும் இல்லை. தாய் எப்போதும்போல வாயை அசைத்து உள்ளே இருப்பவற்றுக்கு நல்ல நீரை அனுப்பிக்கொண்டிருக்கும். உள்ளே அதன் பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும். கடைசியில் வாய் திறந்து வெளியே விடும்போது, மீசையும் புள்ளியுமாகக் கெளுத்திக் குஞ்சுகள் நீந்தி வரும்.

ஜப்பானிய ஆய்வாளர் டெட்சு சாட்டோ 1986இல் 'நேச்சர்' இதழில் இதை விரிவாக எழுதினார். பறவைகளை விட்டால், முதுகெலும்புள்ள விலங்குகளில் பிள்ளை வளர்ப்பை முழுக்கப் பிறர் தலையில் கட்டிவிட்டு வாழ்வதாக இதுவரை தெரிந்தது இந்த ஒரு மீன்தான்.

வீட்டுத் தொட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இனிதான். சினோடான்டிஸ் வகைகளில் பெரும்பாலானவை தொட்டியில் எளிதில் இனப்பெருக்கம் செய்யாது. குயில் கெளுத்தி செய்யும், அதுவும் தாங்கனிக்கா சிக்லிட் இல்லாமலேயே. சென்னை கொளத்தூர் கடைகளில் மஞ்சளும் நீலமுமாக நிற்கும் மலாவி ஏரி சிக்லிட்களோடு விட்டாலே போதும். காரணத்தை 2018இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கெளுத்தியோடு வாழ்ந்த தாங்கனிக்கா சிக்லிட்கள் அந்நிய முட்டையைத் துப்பிவிடக் கற்றிருக்கின்றன. அந்தச் சந்தேகத்தில் சில நேரம் சொந்த முட்டையையும் இழக்கின்றன. கெளுத்தியையே அறியாத மற்ற ஏரி மீன்கள் பல மடங்கு அதிகம் ஏமாந்தன. தொட்டியில் கிடைக்கும் வெற்றிக்குப் பின்னால் இருப்பது நம் கைராசி அல்ல, மலாவி மீனின் வெகுளித்தனம்.

வளர்க்க விரும்புவோருக்குச் சில வார்த்தை. இதற்குக் கடினமான, காரத்தன்மை கொண்ட நீர் வேண்டும். பல ஊர்களின் போர் தண்ணீரே ஏறக்குறையப் பொருந்தும், ஆனால் பிஎச் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். வெப்பம் 24 முதல் 27 டிகிரி. சித்திரை வெயிலில் தொட்டி நீர் அதைத் தாண்டும்போது காற்றுக் குமிழியைக் கூட்டுங்கள். தரையில் மீசை உரசாத மென்மணல், ஒளிய நிறையக் கல் பொந்து, குறைந்தது நாலைந்து கெளுத்திகள். பிடிக்க வலை போடாதீர்கள். பயந்தால் பக்கத் துடுப்பின் முள்ளை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். வலையில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு. டப்பாவில் நீரோடு மொண்டு எடுங்கள். அப்போது அந்த முள்ளின் அடிமூட்டு உரசி எழும் கிறீச்சொலி தெளிவாகக் கேட்கும்.

இதன் உறவான குட்டி சினோடான்டிஸ் லூசிபின்னிஸ் பிறர் வாயை நம்புவதில்லை. மண்சட்டியில் கோலிக்குண்டுகளை நிரப்பி வைத்தால் இடுக்குகளில் முட்டையிடும். பெற்றோரே தின்றுவிடாமல் குண்டுகள் காக்கும். முதல்முறை கெளுத்திக் குஞ்சு எடுக்க நினைப்பவர்கள் இதில் தொடங்கலாம். சிக்லிட் குஞ்சுகள்தான் வேண்டும் என்பவர்கள் குயில் கெளுத்தியைத் தனித் தொட்டியில் வைப்பதே நல்லது.