முகப்பருவும் அதற்குரிய சிகிச்சையும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. இளம் பருவத்தினர்க்கோ முகத்திலே தோன்றும் பரு அகத்தையே வாட்டிவிடுகின்றது. அதனாற் கலங்கிய மாணவர், கண்டவர் சொன்ன மருந்தையெல்லாம் பூசிப் பருவினும் கொடிய தீங்கைத் தேடிக்கொள்வதும் உண்டு. ஆதலின் இந்நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

சருமத்திலுள்ள மயிர்த்துவாரங்களை அடுத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அமைந்துள்ளன. பூப்புப் பருவத்தில் அந்திரோசன் என்னும் ஓமோன்கள் பெருகுதலால் அவை மிகுதியாகச் சுரக்கின்றன. இறந்த கலங்கள் உதிராது ஒட்டித் துவாரத்தை அடைக்கின்றன. உள்ளே தேங்கிய எண்ணெயில் ஒருவகைப் பற்றீரியா பெருக, அழற்சி மூண்டு செம்பருவும் சீழ்ப்பருவும் உண்டாகின்றன. கரும்புள்ளியின் கருமை அழுக்கன்று. அடைப்பின் மேற்பகுதி காற்றுப்பட்டுக் கறுத்ததேயாம். எனவே முகத்தைத் தேய்த்துக் கழுவுவதால் அது நீங்காது, புண்ணே மிகும்.

ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை முதலிய கொழும்பின் கரையோரப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரலிப்பும் மிகுதி. இங்கு வாழ்வோர் நாளுக்கு இருமுறையும், வியர்த்த பின்னரும், மென்மையான சவர்க்காரத்தால் முகம் கழுவினாற் போதும். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் வழியாது காத்தல் வேண்டும். பருவைக் கிள்ளுதல் தழும்புக்கு வழியாகும். மஞ்சளும் சந்தனமும் குளிர்ச்சி தரலாம், அடைப்பை நீக்கமாட்டா. தேசிக்காய்ச் சாற்றைப் பூசி வெயிலிற் செல்வோர்க்குத் தோல் வெந்து கறுத்தலும் கூடும். இலேசான பருவுக்கு 2.5 வீத பென்சோயில் பெரொட்சைட்டுக் களிம்பு ஏற்றது. அது பற்றீரியாவை அழிக்கும். ஆயின் துணியிற் பட்டாற் சாயம் போக்கும். இதனோடு அடப்பலீன் போன்ற அடைப்பு நீக்கும் களிம்பையும் வைத்தியரின் ஆலோசனைப்படி இரவிற் பூசலாம்.

கட்டிபோன்ற ஆழ்ந்த பருக்கள் தோன்றினும், தழும்பு விழினும், மூன்று மாதத்திற் குணம் காணாவிடினும் சருமநோய் வைத்தியரை நாடல் வேண்டும். கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் சருமநோய்ச் சிகிச்சைப் பிரிவில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். வைத்தியர் நோயின் தரத்துக்கேற்ப டொக்சிசைக்கிளின் மாத்திரைகளைச் சில மாதம் வழங்குவர். கடும்பருவுக்கு, 1982இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஐசோதிரெற்றினொயின் உண்டு. அது கருவிலுள்ள சிசுவை ஊனப்படுத்த வல்லது. ஆதலாற் கருவுற்ற பெண்கள் உண்ணலாகாது. தழும்பை நீக்கும் இலேசர் முதலிய சிகிச்சைகள் பரு அடங்கிய பின்னரே பொருந்தும்.

பெரிதும் அஞ்சத்தக்கவை, பெயரறியாத வெண்மைக் களிம்புகளே. அவற்றுட் சிலவற்றில் ஸ்டீரோயிட்டு மருந்து கலந்திருக்கும். பூசிய சில நாளிற் சிவப்பு அடங்கி முகம் தெளிந்ததுபோலத் தோன்றும். நாட்செல்லத் தோல் மெலிந்து, பூசுவதை நிறுத்தியதும் பரு முன்னிலும் கடுமையாய் எழும். வேறு சிலவற்றிற் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் சேர்ந்த அழகுப்பொருள்களையும் ஒழிக்க வகைசெய்யும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாயிற்று. இலங்கையும் அதில் ஒரு தரப்பாகும். ஆகவே உள்ளடக்கம் குறிக்கப்படாத களிம்பை, விலை மலிவாயினும், வாங்கலாகாது.

முறையான மருந்தும் பயன்காட்ட ஆறு முதல் எட்டுக் கிழமைகள் செல்லும். இதனை அறியாதவரே இடையில் மருந்தைக் கைவிட்டுப் போலிக் களிம்புகளை நாடுகின்றனர். பெற்றாரும் ஆசிரியரும் பருவுற்ற பிள்ளையைக் கேலிக்கு ஆளாக்காது, சிகிச்சை பயனளிக்கும் வரை பொறுத்திருக்கத் துணைநிற்றல் வேண்டும்.