கிளட்ச் வழிகாட்டித் தாங்கி

கிளட்ச் வழிகாட்டித் தாங்கி என்பது தானுந்து எந்திரத்தின் கிராங்க் தண்டில், பின்முனைத் துளையினுள் பொருத்தப்படும் சிறு தாங்கி ஆகும். கியர்பெட்டியின் உள்ளீட்டுத் தண்டினுடைய முன்நுனி இதனுள் அமர்ந்து சுழல்கிறது. பட்டறைகளில் இது பைலட் பேரிங் எனவும், உருளைகளற்ற வெண்கல வளையமாக இருப்பின் பைலட் புஷ் எனவும் வழங்கப்படுகிறது. தானியங்கிக் கியர்பெட்டியுடன் வந்த எந்திரங்களில் இத்தாங்கி பொதுவாக இருப்பதில்லை. எனவே அத்தகைய எந்திரத்துடன் கைமுறைக் கியர்பெட்டியை இணைக்கும்போது இதனைப் புதிதாகப் பொருத்த வேண்டும். கிளட்ச், ஃபிளைவீல், பெடல் ஆகிய பெரிய உறுப்புகளைத் தேடிச் சேர்ப்போர் கைக்குள் அடங்கும் இவ்வுறுப்பை மறந்துவிடுவதுண்டு. மறந்தால், கியர்பெட்டியையும் கிளட்சையும் மீண்டும் கழற்றாமல் இதனை அடைய இயலாது.

செயற்பாடு

கிளட்ச் இணைந்திருக்கும்போது கிராங்க் தண்டும் உள்ளீட்டுத் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. அப்போது இத்தாங்கியின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே எவ்வித ஓட்டமும் இல்லை. பெடலை மிதித்துக் கிளட்ச் பிரிக்கப்பட்ட பின்னரே இதன் பணி தொடங்குகிறது. வண்டி கியரில் இருக்க, பெடலை மிதித்தபடி சாலைச் சந்திப்பில் காத்திருக்கும்போது உள்ளீட்டுத் தண்டு அசையாது நிற்க, அதன் நுனியைச் சுற்றிக் கிராங்க் தண்டு சுழல்கிறது. தாங்கி தேய்வது பெரும்பாலும் இத்தகைய நேரங்களில்தான்.

தாங்கி இல்லாவிடில், நீண்ட உள்ளீட்டுத் தண்டு கியர்பெட்டியின் முன்தாங்கி ஒன்றை மட்டுமே பற்றி நிற்கும். அதன் மறுநுனி தள்ளாடுவதால் கிளட்ச் தட்டு மையத்தில் நில்லாது. பெடலை முழுதும் மிதித்தாலும் கிளட்ச் சரிவரப் பிரியாது. கியர்கள் உராய்ந்து ஒலி எழுப்பும். நாளடைவில் முன்தாங்கியும் பழுதடையும். முன்சக்கர இயக்க வண்டிகள் பலவற்றில் உள்ளீட்டுத் தண்டின் இரு முனைகளும் கியர்பெட்டிக்குள்ளேயே தாங்கப்படுவதால் அவற்றில் வழிகாட்டித் தாங்கி தேவைப்படுவதில்லை.

தானியங்கி எந்திரங்களின் கிராங்க் தண்டு

தானியங்கிக் கியர்பெட்டியில் கிளட்சுக்கு மாற்றாக முறுக்குவிசை மாற்றி உள்ளது. இது ஃபிளெக்ஸ் தகடு எனும் மெல்லிய தகட்டுடன் முடுக்கப்படுகிறது. இதன் முன்குடம் கிராங்க் தண்டின் பின்புறமுள்ள அகன்ற பள்ளத்தில் அமர்ந்து மையம் கொள்கிறது. தாங்க வேண்டிய தண்டு நுனி எதுவும் இல்லாமையால் அப்பள்ளத்துக்கு உட்புறமுள்ள சிறு துளைக்கு வேலையில்லை.

இத்துளையின் நிலை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். செவ்ரொலே நிறுவனத்தின் பழைய சிறு வி8 எந்திரங்களில் பெரும்பாலும் இரு வகைக் கியர்பெட்டிகளுக்கும் ஒரே கிராங்க் தண்டு பயன்பட்டது. அவற்றில் புஷ்ஷை அடித்து இறக்கினால் போதும். கிரைசிலர் நிறுவனத்தின் வி8 எந்திரங்களில் நிலைமை அவ்வளவு எளிதன்று.

கிரைசிலர் வி8 எந்திரங்களில் மாற்றம்

1960களிலும் 1970களிலும் விற்பனையான டாட்ஜ், பிளிமத் வண்டிகள் பல, டார்க்ஃபிளைட் எனும் தானியங்கிக் கியர்பெட்டியுடன் வந்தன. அவற்றை 1964 ஆம் ஆண்டில் அறிமுகமான ஏ-833 எனும் நான்கு வேகக் கைமுறைக் கியர்பெட்டிக்கு மாற்றுவது பழைய வண்டி ஆர்வலரிடையே பரவலாக உள்ள வேலையாகும். ஏ-833 இன் தண்டு நுனி முக்கால் அங்குல (சுமார் 19 மிமீ) விட்டமுடையது. ஆனால் தானியங்கிக்கென வந்த கிராங்க் தண்டுகள் பலவற்றில் துளை இறுதி அளவுக்குக் கடையப்படாமலோ போதிய ஆழமின்றியோ விடப்பட்டிருக்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. முதலாவது, கிராங்க் தண்டைக் கழற்றிக் கடைசல் பட்டறையில் துளையை உரிய அளவுக்குக் கடைந்து வாங்குவது. எந்திரம் முழுதும் பிரிக்கப்பட்டிருப்பின் இதுவே சிறந்தது. இரண்டாவது, 1990களில் டாட்ஜ் சுமையுந்துகளின் மேக்னம் எந்திரங்களில் பயன்பட்ட உருளைத் தாங்கியைப் பொருத்துவது. இதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 46 மிமீ ஆதலால், இது சிறு துளையில் அன்றி, முறுக்குவிசை மாற்றியின் குடம் அமர்ந்த அகன்ற பள்ளத்திலேயே அமர்கிறது. எந்திரத்தைப் பிரிக்காமலே வேலை முடிந்துவிடும். எனினும் பள்ளத்தின் விட்டம் எல்லா எந்திரங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. வாங்குமுன் அளந்து பார்க்க வேண்டும்.

இவ்விரண்டாவது முறையில் ஆழத்தைப் பார்க்காது விடுவதே பெருந்தவறு. தாங்கி சரியாக அமர்ந்த பின்னும், அதனைக் கடந்து செல்லும் தண்டு நுனி ஆழமற்ற துளையின் அடியில் முட்டக்கூடும். அந்நிலையில் கியர்பெட்டியை மரையாணிகளால் இறுக்கினால் கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்பட்டு, அதன் அச்சுவிசைத் தாங்கி விரைவில் அழியும். ஒரு சிறு தாங்கியைப் பொருத்தப் போய் எந்திரத்தையே பிரிக்கும் நிலை இவ்வாறு ஏற்படுகிறது. இதனைத் தவிர்க்க, எந்திரத்தின் பின்முகத்திலிருந்து துளையின் அடிவரையுள்ள ஆழத்தையும், கிளட்ச் உறையின் பின்முகத்திலிருந்து தண்டு நுனி நீண்டிருக்கும் அளவையும் அளந்து, உறையின் ஆழத்தைக் கணக்கில் கொண்டு ஒப்பிட வேண்டும். நுனியில் களிமண் உருண்டையை ஒட்டிக் கியர்பெட்டியை ஒருமுறை பொருத்திக் கழற்றிப் பார்ப்பதும் உண்டு. களிமண் முழுதும் நசுங்கியிருந்தால் இடைவெளி இல்லை எனப் பொருள். இடைவெளி போதாதெனில் தண்டு நுனியில் தேவையான அளவை வெட்டி நீக்குவர்.

பொருத்தும் முறை

துளையிலுள்ள துருவையும் பிசிறுகளையும் நீக்கிய பின் தாங்கியின் வெளிவிட்டமும் துளையின் விட்டமும் நுண்ணளவியால் அளக்கப்படுகின்றன. தாங்கி மிகச் சிறிதளவு பெரிதாக இருந்து இறுகி அமர வேண்டும். கையால் தள்ளியவுடன் உள்ளே போகும் தாங்கி, பின்னர் தானும் சுழன்று துளையைக் கெடுக்கும். தாங்கியைச் சில மணிநேரம் உறைபெட்டியில் வைத்தால் சற்றே சுருங்கி எளிதில் இறங்கும். உருளை அல்லது ஊசித் தாங்கியாயின் வெளிவளையத்தில் மட்டும் படும் குழாய்த்துண்டை வைத்து மெல்ல அடிக்க வேண்டும். உள்ளே அடித்தால் உருளைகள் நசுங்கும். அடைப்பு உள்ள பக்கம் கியர்பெட்டியை நோக்கி இருத்தல் வேண்டும்.

வெண்கலப் புஷ் பெரும்பாலும் உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்யப்படுவது. 1930களில் கிரைசிலர் நிறுவனம் ஆயிலைட் என்ற பெயரில் பரவலாக்கிய இவ்வகை உலோகத்தின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கும். இதற்குக் கிரீஸ் இடலாகாது. கிரீஸ் நுண்துளைகளை அடைத்துவிடும். பொருத்துமுன் எந்திர எண்ணெயில் ஊறவைப்பதே முறை. ஊசித் தாங்கிக்கு மாறாகக் கிரீஸ் தேவை, ஆயினும் மிகுதியாக இட்டால் அது சிதறிக் கிளட்ச் தட்டை நனைக்கும். அடித்து இறக்கிய புஷ்ஷின் உள்விட்டம் சற்றுக் குறைவதுண்டு. ஆதலால் கியர்பெட்டியை ஏற்றுமுன் தண்டு நுனி தடையின்றிச் சுழல்கிறதா எனச் சோதிப்பது நலம்.

ஃபிளெக்ஸ் தகட்டின் மரையாணிகள் ஃபிளைவீலுக்குக் குட்டையானவை. அவற்றை மீண்டும் பயன்படுத்தக்கூடாது. கிளட்ச் உறையின் மையத்துளை கிராங்க் தண்டின் மையத்தோடு ஒத்திருப்பதை முகப்பு அளவியால் சரிபார்க்க வேண்டும். அளவியின் முழுச் சுற்று வேறுபாடு 0.005 அங்குலத்துக்கு (சுமார் 0.13 மிமீ) மிகாதிருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவாகும். ஊசித் தாங்கி இவ்விலகலைச் சிறிதும் பொறுக்காது. வெண்கலப் புஷ் ஓரளவு பொறுக்கும். கியர்பெட்டி கடைசி ஓரிரு செண்டிமீட்டர் நுழையாது நின்றால், மரையாணிகளை முடுக்கி இழுத்தல் ஆகாது. கிளட்ச் தட்டை மையப்படுத்தும் போலித் தண்டைக் கொண்டு தட்டை மீண்டும் ஒழுங்குசெய்த பின்னரே ஏற்ற வேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

வண்டி கியரில் நிற்க, பெடலை முழுதும் மிதித்திருக்கும்போது கிறீச்சிடும் ஒலி எழுந்தால் வழிகாட்டித் தாங்கியை ஐயுறலாம். நியூட்ரலில் பெடலை இலேசாகத் தொட்டவுடன் எழும் ஒலி பெரும்பாலும் கிளட்ச் விடுவிப்புத் தாங்கியைச் சேர்ந்தது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்ததும் மறையும் ஒலி கியர்பெட்டியின் முன்தாங்கியிலிருந்து வருவதாக இருக்கலாம்.