கன்றின் முதல் பங்கு சீம்பால்

மாடு கன்று ஈன்றதும் பல வீடுகளில் என்ன வழக்கம்? நஞ்சுக்கொடி விழட்டும் என்று கன்றை ஊட்ட விடாமல் கட்டி வைப்பாங்க. கறந்த சீம்பாலில் வெல்லம் போட்டுக் கிண்டி அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பாங்க. பத்து நாள் கழித்துக் கன்று கழிச்சல் கண்டு சுருண்டு விழுந்தால், திருஷ்டி என்று சொல்லிவிடுவோம்.

மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள் தாய் வயிற்றிலேயே வந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக அது கன்றுக்குப் போகாதுங்க. சீம்பாலில் வந்தால்தான் உண்டு.

அந்தப் பொருள் ஒரு புரதம். அமினோ அமிலம் என்கிற பொடி மணிகளைக் கோத்த சரங்கள் நான்கு, மடிந்து சுருண்டு, கவட்டைக் கம்பு போல ஓர் உருவத்தில் சேர்ந்திருக்கும். கவட்டையின் இரண்டு நுனியிலும் சின்னப் பள்ளம். நோய்க்கிருமியின் மேலுள்ள மேடு, பூட்டில் சாவி மாதிரி அந்தப் பள்ளத்தில் பொருந்தும். பொருந்தினால் கிருமி அகப்பட்டது! ஒரு கிருமிக்கான கவட்டை வேறொன்றுக்குப் பொதுவாக ஆகாது. உங்கள் கொட்டிலிலேயே இருந்த மாட்டுக்கு அந்தக் கொட்டில் கிருமிகள் பழக்கம். அதற்கேற்ற கவட்டைகள் அதன் சீம்பாலில் இருக்கும். நிறைசினையாகச் சந்தையில் பிடித்து வந்த மாட்டுக்கு அவ்வளவு இருக்காது.

சரி, காய்ச்சினால் என்ன? முட்டையை வேகவைத்துப் பாருங்க. வெள்ளைக்கரு கட்டியாகிறது. சரம் அறுந்து போகவில்லை, மடிப்புதான் குலைந்தது. சீம்பால் அடுப்பில் திரள்வதும் அப்படித்தான். நமக்குத் தின்ன ருசி உண்டு, சத்தும் உண்டு. ஆனால் பள்ளம் உருக்குலைந்த கவட்டை கிருமியைப் பிடிக்குமா?

இன்னொரு அவசரமும் இருக்குது. பிறந்த கன்றின் குடல் இந்தப் புரதத்தை உடைக்காமல் முழுசாக ரத்தத்துக்குள் விடும். மணிக்கு மணி அது குறைந்து, சுமார் 24 மணி நேரத்தில் வழி அடைபட்டுவிடும். அப்புறம் குடிக்கிற சீம்பால் மற்றச் சாப்பாடு போலச் செரித்துப் போகும், ரத்தத்தில் சேராது.

ஆகவே நஞ்சுக்கொடிக்குக் காத்திருக்காதீங்க. மடியைக் கழுவித் துடைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்ட விடுங்க. கன்று ஊட்டினால் தாயின் கருப்பையும் சுருங்கும். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர், உள்ளே போகணும். அதில் பாதி முதல் ஊட்டிலேயே போனால் நல்லது. மிச்சத்தைக் கிண்டுங்க, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தாய் இறந்துவிட்டால், அன்று ஈன்ற வேறு மாட்டின் சீம்பாலைக் கொடுக்கலாம். குளிர்ப்பெட்டியில் வைத்த சீம்பாலாக இருந்தால் பாத்திரத்தோடு வெந்நீரில் இறக்கி வையுங்க. வெந்நீர் கை பொறுக்கிற சூடுதான் இருக்கணும். அடுப்பில் மட்டும் ஏற்றாதீங்க.